மடுவில் வாழ்பவை

சித்தேரி மலை
9 ஜூன் 2024

அக்காவுக்கு,

காவியா எழுதுகிறேன். மலைக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. மூக்கு ஒழுகுகிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீ, மாமா, பாஞ்சாலி அத்தை, செவலை மாடு எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்?

செல்லி அக்கா வீட்டில்தான் இந்த முறையும் தங்கியிருக்கிறேன். இரண்டு வேளையும் சாமைச் சோறு. போன் பேச வேண்டுமென்றால் மேட்டுப் பாறைக்கு ஏற வேண்டும். "நல்லா இருக்கியா" என்று கேட்பதற்குள் அறுந்துவிடுகிறது. உங்கள் ஊரிலும் அதே கதைதான். அதனால் கடிதமே எழுதுகிறேன். அரூர் பஸ் கண்டக்டர் குமார் அண்ணன் தபாலில் போட்டுவிடுவார்.

போன வருஷம் பாதியில் விட்ட அதே ஓடை. ஒரு சதுரச் சட்டம், அதன் பின்னால் வலை. சட்டத்துக்குள் கிடக்கும் கல்லையெல்லாம் கையால் தேய்த்துவிட்டால் ஒட்டியிருக்கும் பூச்சிகள் வலைக்குள் வந்துவிடும். தண்ணீர் கல்லில் மோதி ஓடும் இடத்தில் ஒன்று, தேங்கி நிற்கும் மடுவில் ஒன்று, இலைச்சருகு ஒதுங்கும் ஓரத்தில் ஒன்று. எந்தப் பூச்சி எங்கே குடியிருக்க விரும்புகிறது என்று பார்க்க வேண்டும். மாதம் ஒரு எடுப்பு என்று பன்னிரண்டு மாதமும் விடாமல் எடுத்தால்தான் என் ஆராய்ச்சி செல்லும். போன அக்டோபரில் உனக்கு இரண்டாவது முறையும் குழந்தை தங்காமல் போனபோது நான் இறங்கி வந்ததில் வருஷம் அறுந்துவிட்டது. உன்னால்தான் என்று ஆரம்பிக்காதே. அம்மா இருந்திருந்தால் அம்மா வந்திருப்பாள். இல்லை, அதனால் நான் வந்தேன். ஆனால் மூன்றாவது முறைக்கு எங்கள் பேராசிரியர் ஒத்துக்கொள்ள மாட்டார். இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார்.

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் கூட்டத்தில் நசுங்காமல் இங்கே வா. நான்கு நாள் இரு. மேலே வா, அக்கா.

உன்,
காவியா


பென்னாகரம்
24 ஜூன் 2024

பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூக்கு ஒழுகினால் மிளகைத் தட்டிப் போட்டு ரசம் வைத்துக் குடி. தண்ணீரிலேயே நிற்கிறவளுக்குச் சளி பிடிக்காமல் வேறென்ன பிடிக்கும்? நாங்கள் சுகம். மாடும் சுகம். நேற்று அத்தையின் சேலையைப் பாதி தின்றுவிட்டது.

நீ எழுதியதை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "எம்.எஸ்சி. படிச்ச புள்ள, பூச்சிக்கு வூடு பாத்துக் குடுக்கிற வேலையா பாக்குது?" என்று கேட்டார். புரோக்கர் கமிஷன் உண்டா என்றும் கேட்கச் சொன்னார்.

ஆடிக்கு வர முடியாது. முட்டி வலி. ஏறி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பெரிதாக ஒன்றும் இல்லை, நீ அதற்காகக் கிளம்பி வந்துவிடாதே. இந்த வருஷத்தை மட்டும் நீ விட்டால் நான் உன்னோடு பேசவே மாட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். அவ்வளவு வேகமாக ஓடுகிற தண்ணீரில் பூச்சி முட்டையை எங்கே வைக்கும்? அடித்துக்கொண்டு போய்விடாதா? மறக்காமல் எழுது.

அக்கா


சித்தேரி மலை
7 ஜூலை 2024

அக்காவுக்கு,

சளி போய்விட்டது. ரசத்தை செல்லி அக்காவே வைத்துக் கொடுத்தார். உனக்கு எப்போதிலிருந்து முட்டி வலி? சித்திரையில் வந்தபோது களத்துக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாயே.

நல்ல கேள்வி கேட்டாய். மேஃப்ளை என்று ஒரு சின்னப் பூச்சி. அதன் குஞ்சு தட்டையாகக் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு வகையில் தாய்ப்பூச்சி சிறகை மடக்கிக்கொண்டு, தண்ணீருக்கு வெளியே தலை நீட்டும் கல்லின் ஓரமாகவே நடந்து உள்ளே இறங்கும். கல்லின் அடிப்பக்கத்தில் முட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைக்கும். பிசின் போல ஒட்டிக்கொள்ளும். மேலே என்ன வேகத்தில் ஓடினாலும் அடியில் அசையாது. கல்லைப் புரட்டினால்தான் ஆபத்து. புரட்டிய கல்லை அதே பக்கமாகத் திருப்பி வைக்க நான் பழகிக்கொண்டேன்.

போன வாரம் ஒரு சோதனை செய்தேன். ஓடும் தண்ணீரில் இருந்த கற்களைப் பூச்சியோடு எடுத்து மடுவில் வைத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் பாதி செத்துக் கிடந்தன, மீதி கரையோரம் ஊர்ந்துகொண்டிருந்தன. ஓடும் தண்ணீரில் மூச்சு விட்டவை அவை, தேங்கின தண்ணீர் போதவில்லை. உன்னை நினைத்துக்கொண்டேன். காட்டிலும் களத்திலும் ஓடியாடித் திரிந்தவள், இப்போது வாசல் தாண்டுவதில்லை போலிருக்கிறது. இப்படியே கிடந்தால் மனசு செத்துப்போகும், அக்கா. முட்டி சரியானதும் மேலே வா.

காவியா


பென்னாகரம்
18 ஆகஸ்ட் 2024

பாப்பாவுக்கு,

தாமதத்துக்கு ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே. உன் கடிதம் ஒரு மாதமாகத் தலைமாட்டிலேயே இருக்கிறது. முட்டைப் பகுதியைத் தினமும் படிக்கிறேன். அடுத்த பகுதியை ஒரு தடவைதான் படித்தேன்.

நாங்கள் நலம். மழை ஒரு உழவுக்குப் பெய்தது. மாமா கேழ்வரகு விதைத்திருக்கிறார்.

தேங்கின தண்ணீரிலேயே பிறந்து, அதிலேயே இருந்து, நன்றாக வாழ்கிற பூச்சியும் இருக்கும் அல்லவா? அதுகளைப் பற்றி ஒரு வரி எழுதக்கூடாதா? உனக்கு ஓடுகிறதைத்தான் பிடிக்கிறது.

வர முடியாது. திரும்பத் திரும்பக் கூப்பிடாதே.

அக்கா


சித்தேரி மலை
25 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? எனக்கு ஒன்றும் இல்லை, தூக்கம்தான் இல்லை.

கூப்பிடாதே என்று எழுதிவிட்டாய். நீ இப்படி எழுதுகிறவள் இல்லை. யாரோ எழுத வைக்கிறார்கள். போன வாரம் பாறைக்கு ஏறிப் போன் செய்தேன். பாஞ்சாலி அத்தைதான் எடுத்தார். "அவ படுத்திருக்கா, அப்பறம் பேசு" என்று வைத்துவிட்டார். பட்டப்பகல் பதினோரு மணிக்கு நீ படுத்திருக்கிறாயா? உன்னைப் பேசக்கூட விடவில்லையா? இரண்டு முறை குழந்தை நிற்கவில்லை என்று உன்னை அந்த வீட்டில் மூலையில் உட்கார வைத்திருக்கிறார்களா? மறைக்காமல் சொல். பதில் வராவிட்டால் செப்டம்பர் எடுப்பை விட்டுவிட்டு நேரில் வந்து அத்தையிடமே கேட்கப்போகிறேன். வருஷம் போனால் போகட்டும்.

கோபத்தில் எழுதுகிறேன், ஆனால் கிழிக்கப் போவதில்லை.

காவியா


பென்னாகரம்
2 செப்டம்பர் 2024

காவியா பாப்பாவுக்கு,

மாமா வீரமணி எழுதுகிறேன். பத்தாவதுக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. தப்பிருந்தால் நீயே திருத்திக்கொள். நாங்கள் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை அக்கா கையில் நான் கொடுக்கவில்லை. பிரித்துப் படித்துவிட்டேன், மன்னித்துக்கொள். நீ வராதே. விஷயம் இதுதான். அக்காவுக்கு நாலு மாசம் முடிந்து ஐந்து நடக்கிறது. கருப்பை வாயில் தையல் போட்டு, படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். முன்னே ரெண்டு தடவையும் இந்த ஐந்தாம் மாசத்தில்தான் போயிற்று. முட்டி வலி என்பது எங்க ஆத்தா கண்டுபிடித்த வியாதி. ஊர்க்காரர்கள் கேட்டால் அதைத்தான் சொல்கிறது. விளக்குமாற்றைக்கூட உன் அக்காவைத் தொட விடவில்லை. கஞ்சியை வாய்க்கு ஊட்டிவிடுகிறது. நீ எங்க ஆத்தாவைத் தப்பாக நினைத்தது எனக்கு வருத்தம்தான். ஆனால் நான் உன் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா அவ ஓடையை வுட்டுட்டு வந்து என் காலடியில உக்காந்துக்குவா. போன வருஷம் எனக்குப் புள்ளையும் போச்சு, அவளுக்குப் படிப்பும் போச்சு. இந்தத் தடவை ஒண்ணு போனாலும் ஒண்ணாச்சும் நிக்கட்டும்" என்று சொன்னாள். நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம். மனசு கலங்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது, பாப்பா. வேறு யாரிடம் சொல்வது? நீ வர வேண்டாம், கடிதம் எழுது. பூச்சிக் கதை எதுவானாலும் எழுது. தபால்காரரின் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் அவள் முகம் மாறுவதை நான் பார்க்கிறேன்.

மாமா


சித்தேரி மலை
9 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். செப்டம்பர் எடுப்பு முடிந்தது, ஒன்றும் குறையவில்லை. அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல். மறக்காமல் சொல், அவர் சமையலை நினைத்துக்கொண்டேன் என்றும் சொல்.

நீ சொன்னது சரிதான். மடுவை நான் ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. ஓடும் தண்ணீரிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போய் மடுவில் போட்டுவிட்டு, மடுவில் உயிர் வாழாது என்று எழுதியது முட்டாள்தனம். அது மடுவின் குற்றம் இல்லை. இந்த மாதம் இரண்டு நாள் மடுவோரமே உட்கார்ந்திருந்தேன்.

தும்பியின் குஞ்சு மடுவின் அடியில், வண்டலுக்குள் கிடக்கிறது. வாரக்கணக்கில் அசைவதே இல்லை. நான் முதலில் செத்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை, அக்கா. அசையாமல் கிடப்பதுதான் அதன் வேலை. கிடந்துகொண்டே வளர்கிறது. வேகமான தண்ணீரில் விட்டால் ஒரு நாள்கூடத் தாங்காது. மல்லாந்து படுத்துக்கொண்டே நீந்தும் பூச்சி ஒன்று இருக்கிறது. அதற்கு வானம்தான் தரை. படுத்தபடியே எல்லாக் காரியத்தையும் பார்த்துக்கொள்கிறது. எண்ணிப் பார்த்ததில் மடுவில் இருக்கும் வகைகள் ஓட்டத்தில் இருப்பவற்றுக்குக் குறைவில்லை.

இன்னொன்று, இதை மாமாவுக்குப் படித்துக் காட்டு. மடுவின் ஓரத்தில் ஒரு தண்ணீர்ப்பூச்சி. பெண் பூச்சி முட்டைகளை ஆண் பூச்சியின் முதுகில் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறது. குஞ்சு பொரிக்கும்வரை அவர்தான் சுமக்கிறார். அடிக்கடி மேலே வந்து முட்டைகளுக்குக் காற்றுக் காட்டுகிறார். அந்த நாட்களில் அவரால் நன்றாக நீந்தவும் முடியாது. ஆனால் கீழே போடுவதில்லை.

குளிர் வந்துவிட்டது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கு. அடுத்த கடிதம் சீக்கிரம் எழுதுகிறேன்.

உன்,
காவியா


பென்னாகரம்
20 அக்டோபர் 2024

பாப்பாவுக்கு,

இந்த ஒரு மாதத்தில் உன்னுடைய மூன்று கடிதங்களும் வந்தன. நான்தான் பதில் போடவில்லை. உட்கார்ந்து எழுதினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, முட்டியும்தான். படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

முதுகில் முட்டை சுமக்கிறவரைப் பற்றி மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். ஏதாவது கிண்டல் செய்வார் என்று பார்த்தேன். எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். தவிட்டுத் தூசி என்றார். அத்தையோ, "மாடு முட்டி அழுதானாம்மா?" என்று கேட்டார்.

தும்பிக் குஞ்சு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஓட்டின் இடுக்கு வழியாக வெயில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நானும் அதைப் போலத்தான் கிடக்கிறேன். உன் காசுப்பூச்சி, கல்லில் நாணயம் போல ஒட்டியிருக்கும் என்றாயே, அதைக் கையில் எடுத்து வைத்தால் நெளியுமா? எப்படி இருக்கும்? கூச்சமாகவா, கிள்ளுவது போலவா? சும்மாதான் கேட்கிறேன். இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது. போன மாதத்தைவிட நன்றாக இருக்கிறது.

தண்ணீர் ஏறும் காலம். பாறையில் வழுக்கும், பார்த்து இறங்கு.

அக்கா


சித்தேரி மலை
15 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் பத்திரமாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? உடனே பதில் போடு. ஒரே ஒரு வரி போதும்.

இந்த மாத ஆரம்பத்தில் பெய்த மழையில் மலைப்பாதை இரண்டு இடத்தில் சரிந்துவிட்டது. பஸ் இல்லை, தபால் இல்லை, கரண்ட் இல்லை. பாறைக்கு ஏறி ஏறிப் பார்த்தேன், ஒரு கோடு சிக்னலும் இல்லை. நாளை பஸ் ஓடும் என்கிறார்கள். முதல் பஸ்ஸில் இதை அனுப்புகிறேன்.

ஓடை ஓடையாகவே இல்லை. நான் மாதாமாதம் உட்காரும் பாறையைக் காணோம். ஆள் உயரக் கல் உருண்டு மடுவுக்குள் கிடக்கிறது. மழை விட்ட மூன்றாம் நாள் ரோட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். சரிந்த இடம்வரை போய், துணிப்பையைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் நின்றேன். காட்டு வழியாக இறக்கிவிடுவதாகச் செல்லி அக்கா வீட்டில் சொன்னார்கள். இறங்கவா, வேண்டாமா என்று நின்றேன். பிறகு திரும்பி வந்துவிட்டேன். வந்து டிசம்பர் எடுப்பை எடுத்தேன்.

வலையில் ஒன்றும் வரவில்லை, அக்கா. கல்லெல்லாம் கழுவித் துடைத்தது போல வெறுமையாக இருந்தது. எல்லாம் போய்விட்டது என்று கரையில் உட்கார்ந்து அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று செல்லி அக்கா கேட்டார், பூச்சிக்கு என்றேன். ஒரு வாரம் கழித்து மறுபடி போய், மனசு கேட்காமல், கல்லைத் தூக்கிவிட்டு அடியில் இருந்த மணலைக் கையால் தோண்டினேன். ஒரு முழம் ஆழத்தில் இருந்தன. தட்டை மேஃப்ளைக் குஞ்சு, காசுப்பூச்சி, எல்லாமே, சின்னச் சின்னதாக. மேலே வெள்ளம் போகும்போது அவை கீழே இறங்கிவிட்டிருக்கின்றன. உயிரோடு இருக்கின்றன, அக்கா. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பதில் போடு.

காவியா


பென்னாகரம்
3 ஜனவரி 2025

என் பாப்பாவுக்கு,

இருக்கிறேன். இரண்டு பேரும் இருக்கிறோம்.

உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், அதனால் சுற்றி வளைக்கவில்லை. எட்டு மாதம் முடியப்போகிறது. டாக்டரம்மா இப்போது என்னை வாசல்வரை நடக்க விட்டிருக்கிறார்.

மாமாதான் சொல்லியிருப்பார் என்று தெரியும். அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவரைத் திட்டாதே, நானும் திட்டவில்லை. எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்பாய். ஜூன் மாதத்திலிருந்து நீ எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் "மேலே வா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். கூப்பிடாதே என்று நான் எழுதியபோதும் சண்டைக்கு வருவாய் என்றுதான் காத்திருந்தேன். அந்த செப்டம்பர் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தேன், தும்பி வந்தது, முதுகுப்பூச்சி வந்தது, "போர்த்திக்கொண்டு தூங்கு" என்று முடிந்துவிட்டது. திருப்பிப் பார்த்தேன். காகிதத்தின் பின்பக்கமும் பார்த்தேன். நீ கூப்பிடவே இல்லை. அன்றைக்கே தெரிந்துகொண்டேன். தலையணையில் முகத்தை வைத்து அழுதேன். அத்தை பயந்துவிட்டார்.

தெரிந்தும் நீ வரவில்லை. எனக்காக வராமல் இருந்தாய். உன்னை எனக்குத் தெரியாதா, வருவதுதான் உனக்குச் சுலபம். ரோட்டைப் பார்க்கப் போகிறவள் துணிப்பையோடா போவாள்?

மார்கழி கழியட்டும். தை ஆறு, ஞாயிற்றுக்கிழமை, வளைகாப்புக்குக் கட்டுச்சோறு வைத்திருக்கிறோம். அம்மா வீட்டுச் சோறு வந்தால்தான் கட்டுச்சோறு. அம்மா இல்லை, அதனால் அம்மா வீடு நீதான். ஜனவரி எடுப்பை எடுத்துவிட்டு வா. எடுக்காமல் வந்தால் வாசலிலேயே நிற்க வைத்துவிடுவேன். புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் நீயே கிண்ட வேண்டும். உப்பு பார்த்துப் போடு, சித்திரையில் வந்தபோது கிண்டிய மாதிரி வேண்டாம்.

அக்கா


சித்தேரி மலை
9 மார்ச் 2025

அக்காவுக்கும் பிறந்து ஒரு மாதம் ஆன என் குட்டிக்கும்,

நேற்று வந்து சேர்ந்தேன். ரவிக்கையில் இன்னும் பால் வாசனை அடிக்கிறது, துவைக்க மனசில்லை. குட்டி இரவில் தூங்குகிறாளா? தையல் போட்ட இடம் வலிக்கிறதா? அத்தை இன்னும் உன்னைப் பத்தியச் சாப்பாட்டிலேயே வைத்திருக்கிறாரா? அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதை ஊரெல்லாம் சொல்கிறாராம், மாமா சொன்னார். சொல்லட்டும்.

மார்ச் எடுப்பு முடிந்தது. ஒரு மாதமும் விடவில்லை, இன்னும் இரண்டு பாக்கி. தண்ணீர் தெளிந்துவிட்டது. உருண்டு வந்த அந்தப் பெரிய கல் மடுவைவிட்டு நகரவில்லை, அதன் ஒரு பக்கம் புதிதாக ஓட்டம், மறு பக்கம் மடு. இரண்டு பக்கத்திலும் குடி வந்துவிட்டார்கள். ஓட்டத்தில் கிடந்த ஒரு சின்னக் கல்லைப் புரட்டி அடியைப் பார்த்தேன். பக்கத்தில் பக்கத்தில் முட்டை. இருந்தபடியே திருப்பி வைத்துவிட்டேன்.

ஆறு மாதமாகக் கேட்காமல் அடக்கி வைத்திருந்ததை இப்போது கேட்கிறேன். ஆடிப்பெருக்குக்குள் குட்டிக்குக் கழுத்து நின்றுவிடும். எடுப்பு முடிந்தாலும் அதுவரை நான் இங்கேதான் இருப்பேன். நீ நடந்து வா. அவளை மாமா முதுகில் கட்டிச் சுமந்து வரட்டும், அவருக்குத்தான் அந்த வேலை தெரியும்.

மேலே வா, அக்கா.

காவியா